தளபதிகளுக்கும் மன்றத்துக்கும் நடுவே நின்றவர்

போர் மிகப் பெரிய விஷயம், அதைத் தளபதிகளிடம் விட்டுவிட முடியாது என்று, முதல் உலகப்போரின் கடைசி வருடத்தில் பிரான்ஸின் பிரதமராக இருந்த ஜார்ஜ் கிளெமன்சோ சொன்னதாக ஒரு வரி உலவுகிறது. ராணுவம் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் யாராவது ஒருவர் அதை எடுத்துப் போட்டுவிடுவார். எப்போது சொன்னார் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. சிலர் முதல் உலகப்போருக்கு முப்பது வருடம் முன்னால், 1880-களில் கொண்டுபோய் வைக்கிறார்கள். சொன்னாரா, சொல்லவில்லையா என்பது எனக்குப் பெரிதில்லை. அந்த ஒரு வரியிலிருந்து மனிதரையே கட்டி எழுப்புவதுதான் நெடுநாளாக உறுத்துகிறது. தளபதிகளை ஓரங்கட்டிவிட்டுத் தானே வரைபடத்தின் முன் உட்கார்ந்து போரை நடத்திய கிழட்டுப் புலி என்றொரு சித்திரம் பலர் மனதில் இருக்கிறது. 1917 நவம்பரிலிருந்து 1918 நவம்பர் வரை அவர் செய்ததை நாள் நாளாகப் பார்த்தால் அந்தச் சித்திரம் நிற்காது. படையை எங்கே நிறுத்துவது, எப்போது பின்வாங்குவது என்று அவர் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்தார், அதிகாரத்தைக் கையில் கொடுத்தார், அந்த ஆள் தோற்றபோது விழவேண்டிய அடியைத் தன் மேல் வாங்கிக்கொண்டார். இந்த மூன்றாவது வேலைதான் யாருக்கும் நினைவில் இல்லை. அது நடந்த நாள் 1918 ஜூன் 4.

அவருடைய பிறப்பு, மருத்துவப் படிப்பு, மோன்மார்த்ரில் மேயராக இருந்தது, திரேஃபுஸ் வழக்கு, பனாமா ஊழலில் பெயர் அடிபட்டது எல்லாம் எங்கும் கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு விதமான தவறுகள்

ஜூன் 4 புரிய வேண்டுமென்றால், அதற்கு முன்னால் பிரான்ஸ் இந்த விஷயத்தில் எப்படியெல்லாம் தடுமாறியது என்று பார்க்க வேண்டும். 1914-இல் போர் தொடங்கியதும் கடிவாளம் முழுக்கத் தலைமைத் தளபதி ஜோஃப்ர் கைக்குப் போனது. செப்டம்பரில் அரசாங்கம் பாரிஸை விட்டு போர்தோவுக்குக் கிளம்பிப் போனது. 'படைகளின் மண்டலம்' என்று ஒரு பரப்பு வரையறுக்கப்பட்டது. அதற்குள் நாடாளுமன்ற உறுப்பினர்கூட ராணுவத்தின் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. மந்திரிகளுக்கே என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியாத மாதங்கள் உண்டு. சரியில்லை என்று தோன்றிய தளபதிகளை ஜோஃப்ர் அடுத்தடுத்துத் தூக்கினார். லிமோஜ் நகரத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டவர்கள் என்று பேச்சு பரவி, பதவியிலிருந்து தூக்குவதற்கு அந்த ஊர்ப் பெயரிலிருந்தே பிரெஞ்சு மொழியில் ஒரு வினைச்சொல் பிறந்தது. இன்றும் அது வழக்கில் இருக்கிறது.

அப்போது கிளெமன்சோ மேலவை உறுப்பினர், 'சுதந்திர மனிதன்' என்ற பொருள் தரும் பெயரில் ஒரு நாளிதழ் நடத்தியவர். காயம்பட்ட சிப்பாய்களை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் வைக்கோல் மேல் கிடத்திக் கொண்டுவருகிறார்கள், அதனால் அவர்களுக்கு இசிவு நோய் தொற்றுகிறது என்று எழுதினார். மருத்துவர் எழுதியது என்பதால் அதற்குக் கனம் அதிகம். தணிக்கை அந்த இதழைத் தடை செய்தது. உடனே 'சங்கிலியிட்ட மனிதன்' என்று பெயரை மாற்றி வெளியிட்டார். 1915-இன் இறுதியிலிருந்து மேலவையின் ராணுவக் குழுவுக்குத் தலைவர். அந்த இரண்டு வருடங்களில் செய்ததுதான் அவருடைய உண்மையான பயிற்சி என்று நினைக்கிறேன். கனரகப் பீரங்கி எத்தனை, குண்டு உற்பத்தி எவ்வளவு, பின்னணி அலுவலகங்களில் ஒதுங்கியிருக்கும் உடல் தகுதியுள்ள ஆட்கள் எத்தனை பேர் என்று மந்திரிகளைக் கேள்வி கேட்டார். நேரில் போய்ப் பார்த்தார். பதிலையும் பார்த்ததையும் ஒப்பிட்டார். பிரதமரானபோது போர் அமைச்சகத்தின் எந்த மூலையில் என்ன குறை என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது தவறு முதலாவதற்கு நேர் எதிரானது. 1917 தொடக்கத்தில் புதிய தலைமைத் தளபதி நிவேல், ஓரிரு நாளில் ஜெர்மன் முனையை உடைத்துக் காட்டுகிறேன் என்றார். போர் அமைச்சர் பெங்லெவேவுக்கு நம்பிக்கை வரவில்லை. நிவேலுக்குக் கீழே இருந்த தளபதிகளைத் தனித்தனியாகக் கருத்துக் கேட்டார். ஏப்ரல் 6-ஆம் தேதி கொம்பியேனில் குடியரசுத் தலைவரின் ரயில் பெட்டியில் கூட்டம். கீழிருப்பவர்கள் தலைவர் முன்னாலேயே சந்தேகங்களைச் சொன்னார்கள். நிவேல் பதவி விலகுகிறேன் என்றார். வேண்டாம் என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து ஷெமின் தே தாம் மேட்டில் தாக்குதல் தொடங்கியது. முதல் பத்து நாளில் மட்டும் சுமார் 30,000 பிரெஞ்சுச் சிப்பாய்கள் இறந்தார்கள். அதன் பின் படைகளில் கலகம் வெடித்தது. நம்பவில்லை என்றால் மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை என்றால் நம்பியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல், சந்தேகத்தை ஊர் அறியச் சொல்லிவிட்டு ஆளை மட்டும் களத்துக்கு அனுப்பியது அந்த அரசு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் நிவேல் மேல் வருவதைவிட அந்த ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான் அதிகம் வருகிறது.

போர் அமைச்சகத்தில் வேலை நடந்த விதம்

1917 அக்டோபரில் இத்தாலியப் படை கபொரெட்டோவில் சிதறியது. நவம்பரில் ரஷ்யாவில் போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். குடியரசுத் தலைவர் புவங்கரேவுக்குக் கிளெமன்சோவை அறவே பிடிக்காது. ஆனாலும் மிச்சமிருந்த இன்னொரு வழி முன்னாள் பிரதமர் கையோவை அழைத்து ஜெர்மனியோடு பேச்சுவார்த்தைக்குப் போவது. நவம்பர் 16-இல் கிளெமன்சோ பிரதமர் ஆனார், போர் அமைச்சர் பொறுப்பையும் தானே வைத்துக்கொண்டார். வயது 76. நவம்பர் 20-இல் கீழவை அவருக்கு 418-க்கு 65 என்ற கணக்கில் நம்பிக்கை தெரிவித்தது.

வேலை செய்யும் முறை எளிமையானது. சாம்பல் நிறக் கையுறை எப்போதும் கையில் இருக்கும், தோல் நோயை மறைக்க. சர்க்கரை நோயும் இருந்தது. விடியுமுன் எழுந்து ஃபிராங்க்ளின் தெருவிலிருந்த தன் வீட்டிலேயே கோப்புகளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இருந்தது தரைத்தளத்தில் தோட்டத்தோடு கூடிய ஒரு குடியிருப்பு. பிரதமரான பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ராணுவ விஷயங்களுக்கு ஜெனரல் மோர்தாக், அரசியலுக்கும் பத்திரிகைகளுக்கும் ழோர்ஜ் மாந்தேல், நிர்வாகத்துக்கு ழூல் ழான்னெனே. இந்த மூவர் வழியாகத்தான் எல்லாம் போய் வந்தன. அமைச்சரவையில் பெரிய தலைகளை அவர் சேர்க்கவில்லை. ஆயுத உற்பத்திக்கு லூஷேர் போல வேலை தெரிந்தவர்களை வைத்துக்கொண்டார். தன்னைத் தாக்கி எழுதும் பத்திரிகைகள் மீதான அரசியல் தணிக்கையைத் தளர்த்தினார். இது அவர் பட்ட அனுபவத்திலிருந்து வந்தது. ராணுவ ரகசியங்கள் மீதான தணிக்கை மட்டும் அப்படியே இருந்தது.

பெட்ரோல் விவகாரம் ஒரு நல்ல உதாரணம். 1917 டிசம்பரில் பிரெஞ்சுப் படையின் பெட்ரோல் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. வசந்தத்தில் ஜெர்மானியர்கள் தாக்கப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது. எங்கே தாக்கினாலும் அங்கே படைகளை அவசரமாகக் கொண்டுபோய் இறக்க லாரிகள் வேண்டும். ரயில் பாதை எதிரியின் குண்டுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டால் லாரியை விட்டால் வேறு வழியில்லை. கிளெமன்சோ அமெரிக்கத் தலைவர் வில்சனுக்கு நேரடியாகவே எழுதினார். நாளைய சண்டைகளில் ரத்தம் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை பெட்ரோல், கூடுதலாக 100,000 டன் கொள்ளளவுக்கு எண்ணெய்க் கப்பல்களை ஒதுக்குங்கள் என்றார். கப்பல்கள் வந்தன. மார்ச் 21-இல் ஜெர்மன் தாக்குதல் தொடங்கியபோது பிரெஞ்சு லாரிகள் ஓடின. ஒரு பிரதமர் போரில் தலையிட வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எந்தப் படைப்பிரிவு எந்தக் கிராமத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் வேலை இல்லை. அது போய்ச் சேர லாரியில் எண்ணெய் இருக்கிறதா என்பது அவர் வேலை.

இந்த மனிதரின் கடுமையை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. 1918 ஜனவரியில் கையோவைக் கைது செய்தார். சமாதானம் பேசலாம் என்ற கருத்தையே துரோகமாக நிறுத்தும் முயற்சியாகவே அதைப் பார்க்கிறேன். இன்னொன்றும் உண்டு. 1885 ஜூலையில் முன்னாள் பிரதமர் ழூல் ஃபெரி, உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்கள் மேல் உரிமை உண்டு என்று பேசியபோது, உயர்ந்த இனம் தாழ்ந்த இனம் என்ற பிரிவே பொய் என்று மன்றத்தில் எழுந்து பதில் சொன்னவர் இதே கிளெமன்சோ. 1918-இல் செனகலிலிருந்து கீழவைக்கு வந்த கறுப்பின உறுப்பினர் பிளேஸ் தியாஞை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஆணையராக அனுப்பி, 60,000-க்கும் மேற்பட்ட ஆட்களைப் படைக்குத் திரட்டவைத்தவரும் அவரே. இதற்கு மேல் ஆள் எடுத்தால் நாடு தாங்காது என்று சொன்ன ஆளுநர் வான் வொல்லன்ஹோவன் பதவி விலகிக் களத்துக்குப் போய் அந்த ஜூலையில் இறந்தார். இந்தக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது.

துல்லான்

மார்ச் 21-இல் தொடங்கிய தாக்குதல் ஆங்கிலேயர்களின் ஐந்தாவது படையை நொறுக்கியது. மார்ச் 23 முதல் 120 கிலோமீட்டர் தூரத்திலிருந்து நெடுந்தூரப் பீரங்கிக் குண்டுகள் பாரிஸில் விழத் தொடங்கின. ஆங்கிலப் படை கடலோரத் துறைமுகங்களை நோக்கிப் பின்வாங்கினால், பிரெஞ்சுப் படை பாரிஸை மறைக்கத் தெற்கே போகும். இரண்டுக்கும் நடுவே அமியேன் ரயில் சந்திப்பு இருக்கிறது. பிளவு விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. மார்ச் 26-இல் துல்லான் நகர மண்டபத்தில் இரு நாட்டாரும் கூடினார்கள். ஆங்கிலேயர்கள் முதலில் தங்களுக்குள் பேசி முடிக்கும்வரை பிரெஞ்சுக்காரர்கள் வெளியே தோட்டத்தில் குளிரில் நடந்துகொண்டிருந்தார்கள். ஜெர்மானியர்கள் முதலில் ஆங்கிலேயர்களை வீழ்த்துவார்கள், பிறகு நம்மை என்று பிரெஞ்சுப் படையின் தலைமைத் தளபதி பெத்தேன் கிளெமன்சோவிடம் மெதுவாகச் சொன்னார். அமியேனுக்கு முன்னால் சண்டை போடுவேன், அமியேனுக்குள் போடுவேன், அமியேனுக்குப் பின்னால் போடுவேன் என்றார் இன்னொரு பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ்.

முதலில் எழுதப்பட்ட வாசகம் அமியேன் பகுதியில் மட்டும் ஃபோஷ் இரு படைகளையும் ஒருங்கிணைப்பார் என்றிருந்தது. அது போதாது, மேற்கு முனை முழுவதும் என்று இருக்கட்டும் என்று விரித்தவர் ஆங்கிலத் தளபதி ஹெய்க். ஃபோஷுக்கும் கிளெமன்சோவுக்கும் பல வருடமாகவே பழக்கம், ஆனால் ஒட்டாது. ஒருவர் தீவிரக் கத்தோலிக்கர், தம்பி ஏசு சபைப் பாதிரியார். மற்றவர் கடவுள் மறுப்பாளர். அன்று மதியச் சாப்பாட்டின்போது, நீங்கள் ஆசைப்பட்ட பதவி கிடைத்துவிட்டதே என்று கிளெமன்சோ சொல்ல, தோற்றுப்போன சண்டையைக் கையில் கொடுத்து ஜெயித்துக் காட்டு என்கிறீர்கள் என்று ஃபோஷ் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். ஏப்ரல் 3-இல் போவேயில் நடந்த கூட்டத்தில் அவருடைய அதிகாரம் விரிவாகி, அந்த மாத நடுவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி என்ற பெயரும் வந்தது. எல்லா நூல்களும் துல்லானைத்தான் திருப்புமுனை என்று சொல்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரத்தைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அந்த ஆள் சறுக்கும்போது அதைத் திரும்பப் பிடுங்காமல் இருப்பதுதான் கடினம். இரண்டு மாதத்தில் ஃபோஷ் சறுக்கினார்.

மே 27: எது தவறியது, ஏன்

ஷெமின் தே தாம் என்றால் சீமாட்டிகளின் பாதை. பதினைந்தாம் லூயியின் மகள்கள் வண்டியில் போய்வருவதற்காகச் செப்பனிட்டதால் வந்த பெயர். எய்ன் ஆற்றுக்கும் எலெத் என்ற சிற்றாற்றுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மேட்டின் முதுகில் போகிற சாலை அது. 1917-இல் நிவேல் இதன் மேல்தான் மோதினார். அந்த அக்டோபரில் பெத்தேன் மால்மேசோன் சண்டையில் மிச்சத்தையும் பிடித்தார். அவ்வளவு ரத்தம் கொடுத்து வாங்கிய மேடு.

பெத்தேன் 1917 டிசம்பரில் நான்காம் எண் ஆணையை வெளியிட்டிருந்தார். அதன் சாரம் இது. எதிரி தாக்குதலைத் தொடங்கும்போது அவனுடைய பதுங்குகுழிப் பீரங்கிகளும் சிறு பீரங்கிகளும் முழு வேகத்தில் அடிப்பது நம் முதல் வரிசையை. அதில் ஆட்களை நிறைத்து வைத்தால் சண்டை தொடங்கும் முன்னே அவர்கள் இல்லாமல் போவார்கள். அதனால் முதல் வரிசையில் சில காவல் நிலைகள் மட்டும் இருக்கட்டும். அவை எச்சரிக்கை கொடுத்து, எதிரியின் வேகத்தைக் குலைத்தால் போதும். உண்மையான சண்டை சில கிலோமீட்டர் பின்னால் இருக்கும் இரண்டாம் நிலையில், எதிரியின் பெரும்பகுதி பீரங்கிகளுக்கு எட்டாத இடத்தில் நடக்கட்டும். படிக்கும்போது நியாயமாக இருக்கிறது. ஆனால் மூன்று வருடமாக ஒரு அங்குலம்கூட விடாதே என்று பழக்கப்பட்ட தளபதிகளுக்கு, பிரெஞ்சு மண்ணை முதல் மணி நேரத்திலேயே விட்டுக்கொடு என்பதாக அது கேட்டது.

அந்த முனைக்குப் பொறுப்பாக இருந்த ஆறாவது படையின் தளபதி துஷேன் மறுத்தார். இவ்வளவு விலை கொடுத்த மேட்டை விட மாட்டேன் என்று முதல் நிலையிலேயே ஆட்களை நிறைத்தார். அவர்களுக்குப் பின்னால் எய்ன் ஆறு. சறுக்கினால் ஒதுங்க இடமில்லை. வடக்கே அடிபட்டுக் களைத்து, ஓய்வுக்காக இந்த 'அமைதியான' பகுதிக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலப் படைப்பிரிவுகளும் அங்கே இருந்தன. அவர்களுடைய தளபதிகள் இப்படி நெருக்கி வைப்பது ஆபத்து என்று எடுத்துச் சொன்னபோது துஷேன் சொன்ன பதில் பிரெஞ்சில் இரண்டே சொல்: சொல்லியாகிவிட்டது. பெத்தேனுக்கு இது தெரியும். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஃபோஷோ அடுத்த அடி வடக்கே ஆங்கிலேயர்கள் மேல்தான் விழும் என்று கணித்து, பிரெஞ்சு இருப்புப் படைகளை அந்தப் பக்கம் இழுத்து வைத்திருந்தார். ஆக மூன்று மட்டத்தில் மூன்று தவறுகள்: உத்தரவை மீறிய கீழ்த் தளபதி, மீறலைப் பொறுத்துக்கொண்ட பிரெஞ்சுத் தலைமைத் தளபதி, இடத்தைத் தப்பாகக் கணித்த நேச நாட்டுத் தலைமைத் தளபதி.

மே 27 அதிகாலை ஒரு மணிக்கு சுமார் 4,000 ஜெர்மன் பீரங்கிகள் ஒரே நேரத்தில் தொடங்கின. விஷவாயுக் குண்டுகள் முதலில் பீரங்கி நிலைகளை வாய் திறக்க விடாமல் செய்தன. பிறகு நெருக்கி வைக்கப்பட்ட முதல் வரிசை. மூன்றரை மணி தாண்டியதும் காலாட்படை மேட்டின் மேல் ஏறியது. எய்ன் ஆற்றுப் பாலங்களைத் தகர்க்க வேண்டிய நேரத்தில் தகர்க்கவில்லை. பல பாலங்கள் முழுதாகவே எதிரி கைக்குப் போயின. அன்று மாலைக்குள் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழம் போனார்கள். பதுங்குகுழிப் போர் தொடங்கியதிலிருந்து மேற்கு முனையில் ஒரே நாளில் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. மே 29-இல் சுவசோன் விழுந்தது. ஜூன் தொடக்கத்தில், பாரிஸிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் ஷாட்டோ-தியெரியில் மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மானியர்கள் நின்றார்கள். கைதானவர்கள் மட்டும் 50,000-க்கும் மேல்.

அந்த நாட்களில் கிளெமன்சோ காரில் களத்துக்கும் பாரிஸுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். பின்வாங்கும் படைகளின் நடுவே, தொலைபேசி அறுந்துபோன தலைமையகங்களுக்குப் போனார். ஜெனரல் தெகூத் கந்தலாய்க் கிழிந்த வரைபடத்தின் மேல் குனிந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்ததாகப் பிற்பாடு எழுதினார். யார் எங்கே தவறினார்கள் என்று அவருக்கு அந்த ஒரு வாரத்தில் நன்றாகவே தெரிந்துவிட்டது. ஜூன் 4-இல் மன்றத்தில் அவர் பேசியது எதுவும் தெரியாமல் பேசியதல்ல.

ஜூன் 4

பாரிஸ் அப்போது இருந்த நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரப் பீரங்கி மே 27-இலிருந்து மறுபடி அடிக்கிறது. வசதியுள்ளவர்கள் ரயில் நிலையங்களில் குவிகிறார்கள். அரசாங்கம் 1914 போல மறுபடி கிளம்பப்போகிறதா என்ற பேச்சு. கீழவையில் உறுப்பினர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். கோபத்தில் நியாயமும் இருந்தது. ஒரு வருடம் முன்னால் 30,000 பேரைத் தின்ற மேடு ஒரே காலையில் போய்விட்டது. இதற்குப் பொறுப்பு யார், எந்தத் தளபதிக்கு என்ன தண்டனை என்று சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் கேள்வி கொடுத்திருந்தார்கள். பெத்தேனின் பெயரும் ஃபோஷின் பெயரும் மன்றத்துத் தாழ்வாரங்களில் அடிபட்டன.

எளிதான வழி ஒன்று திறந்தே இருந்தது. துஷேனின் பெயரை மேடையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்யாகவும் இருந்திருக்காது. அவர் ஆணையை மீறினார், அதற்கு எழுத்தில் சான்று இருக்கிறது. மன்றம் அமைதியாகியிருக்கும், அரசாங்கத்துக்குக் கைத்தட்டலும் கிடைத்திருக்கும். ஆனால் அதோடு நின்றிருக்காது. துஷேன் மீறியதைப் பொறுத்துக்கொண்டது யார் என்று அடுத்த கேள்வி வரும், பெத்தேன் விழுவார். இருப்புப் படைகளை வடக்கே வைத்தது யார் என்று அதற்கடுத்த கேள்வி வரும், ஃபோஷ் விழுவார். துல்லானில் எழுதிய காகிதம் பத்து வாரத்தில் கிழியும். ஆங்கிலேயர்கள் இன்னொரு பிரெஞ்சுத் தளபதியின் கீழ் நிற்க மறுபடி சம்மதிப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி? கொம்பியேன் ரயில் பெட்டியில் நடந்தது இந்த முறை நாடறிய மன்றத்தில் நடந்திருக்கும்.

கிளெமன்சோ மேடை ஏறியபோது கூச்சலில் சிறிது நேரம் பேச முடியவில்லை. அவசரமாகத் தீர்ப்புச் சொல்பவர்களின் ஒப்புதலைப் பெறுவதற்காக, தாய்நாட்டுக்கு நன்மை செய்த தலைவர்களைக் கைவிட வேண்டுமென்றால் அந்தக் கோழைத்தனம் என்னால் ஆகாது, அதை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள் என்றார். நான் கடமை தவறியிருந்தால் என்னைத் துரத்துங்கள் என்ற பொருள்படப் பேசினார். தோல்வியை அவர் மறைக்கவில்லை. ரஷ்யா போரிலிருந்து விலகியதால் விடுபட்ட ஜெர்மன் படைகள் நம் மேல் விழும் என்பது தெரிந்ததுதான், நம் ஆள்பலமும் கரைகிறது, அவர்களுடையதும் கரைகிறது, ஆனால் அமெரிக்கர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார். அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. அந்தக் கோடையில் மாதம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் பிரான்ஸில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்கள் செய்த மகத்தான வேலையை உயிரோடிருப்பவர்கள் முடிக்க வேண்டும் என்று சொல்லி இறங்கினார். வாக்கெடுப்பில் 377-க்கு 110.

இதோடு கதையை முடித்துவிட்டால் அவரைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். மன்றத்தில் யாரையும் கைவிடவில்லை. மூடிய அறைக்குள் கணக்கைத் தீர்த்தார். ஒரு வாரத்துக்குள் துஷேன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார், அந்த இடத்துக்குத் தெகூத் வந்தார். இன்னும் சில தளபதிகளும் போனார்கள். பெத்தேனின் தலைமை அலுவலக அதிகாரி ஆந்த்வானும் ஜூலைத் தொடக்கத்தில் மாற்றப்பட்டு புயா வந்தார். ஃபோஷின் உத்தரவு பிடிக்காவிட்டால் சொந்த அரசாங்கத்திடம் முறையிடலாம் என்று போவே ஒப்பந்தம் தேசியத் தளபதிகளுக்கு ஒரு உரிமை கொடுத்திருந்தது. பெத்தேனுக்கு இருந்த அந்த உரிமையை ஜூன் 26-இல் அரசாங்கம் எடுத்துவிட்டது. ஆக, சறுக்கிய ஃபோஷின் கை முன்னைவிட வலுவானது. மன்றத்தில் காப்பாற்றியதும், உள்ளே ஆளை மாற்றியதும் ஒரே செயலின் இரண்டு பாதி. ஒன்றை மட்டும் செய்தவர்கள் நிறையப் பேர்.

முதல் வரிசையிலிருந்து வந்த பூக்கள்

ஜூலை 6-இல் அவர் ஷம்பாங் முனைக்குப் போனார். அங்கே நான்காவது படையை நடத்திய கூரோவும் முதலில் தயங்கியவர்தான், ஆனால் இந்த முறை பெத்தேனின் ஆணை அப்படியே நடப்புக்கு வந்திருந்தது. முதல் வரிசையில் காவல் நிலைகளில் இருப்பவர்கள் திரும்பிவர மாட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். சுண்ணாம்பு மண் படிந்து வெள்ளையாகிப்போன சிப்பாய்கள் குழிகளிலிருந்து வெளியே வந்து, அங்கே புழுதியில் முளைத்திருந்த சில பூக்களைக் கட்டி அந்தக் கிழவர் கையில் கொடுத்தார்கள். என்னோடு இது கல்லறைக்கு வரும் என்று வாக்குக் கொடுத்தார். ஜூலை 15-இல் ஜெர்மானியர்கள் தாக்கினார்கள். அவர்களுடைய குண்டுகள் ஏறக்குறைய காலியான முதல் வரிசையில் விழுந்து வீணாயின. இரண்டாம் நிலைக்கு முன்னால் தாக்குதல் நின்றது. மே 27-இல் நடந்ததற்கு நேர் எதிரான காட்சி, அதே ஆணையால். மூன்று நாள் கழித்து வில்லெர்-கொத்ரே காட்டிலிருந்து மாஞ்சேன் டாங்கிகளோடு பக்கவாட்டில் அடித்தார். அதன் பிறகு ஜெர்மன் படை மேற்கு முனையில் மறுபடி தாக்க எழவே இல்லை.

உயிலில் அவர் எழுதிவைத்தபடி, அந்தச் சின்னப் பூச்செண்டு, பெரிய செண்டு ஒன்று வைக்கப்பட்டிருந்த பீரங்கிக் குண்டு உறைக்குள் செருகப்பட்டு அவரோடு புதைக்கப்பட்டது. வான்டேயில் மூஷாம் அருகே தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில், சடங்கும் பெயர்ப் பலகையும் இல்லாமல்.

பின்னால் வந்த கசப்பு

ஃபோஷோடு உறவு இனிதாக முடியவில்லை. 1918 அக்டோபரில் அமெரிக்கப் படை ஆர்கோன் காட்டில் முன்னேறாமல் திணறியபோது, அமெரிக்கத் தளபதி பெர்ஷிங்குக்குக் கட்டளை போடுங்கள், கேட்காவிட்டால் வில்சனிடம் போவோம் என்று கிளெமன்சோ காரமான கடிதம் எழுதினார். ஃபோஷ் கேட்கவில்லை. தன் வழியிலேயே போனார். இந்த இடத்தில் ஃபோஷ் செய்ததுதான் சரி என்பது என் கருத்து. கிளெமன்சோவுக்குக் கோபம் ஆறவில்லை, ஆனாலும் பதவியில் கை வைக்கவில்லை. போர் முடிந்ததும் யார் வேலை எது என்ற எல்லை மாறியது. ரைன் ஆறு வரை பிரான்ஸ் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஃபோஷ் பிடிவாதமாக நின்றார். 1919 ஏப்ரலில், ஜெர்மன் தூதுக்குழுவை வெர்சாய்க்கு அழைக்கும் தந்தியை அனுப்பாமல் நிறுத்திவைத்தார். சமாதானத்தின் விதிகளைத் தீர்மானிப்பது தளபதி வேலை இல்லை. அங்கே கிளெமன்சோ ஒரு அடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. ஃபோஷை வரவழைத்துப் பேசினார், தந்தி போனது. 1920 ஜனவரியில் குடியரசுத் தலைவர் பதவிக்கான முன்வாக்கெடுப்பில் தெஷானெலுக்கு 408, கிளெமன்சோவுக்கு 389. அவர் விலகிக்கொண்டார்.

1929 மார்ச்சில் ஃபோஷ் இறந்தார். அவரோடு நடந்த உரையாடல்கள் என்று ஒரு பத்திரிகையாளர் வெளியிட்ட பக்கங்களில் கிளெமன்சோ மேல் குற்றச்சாட்டுகள் வரிசையாக இருந்தன. சமாதானத்தைக் கோட்டைவிட்டார் என்பதுதான் முக்கியமானது. 87 வயதில், கையுறையைக் கழற்றாமலே, கிளெமன்சோ பதில் எழுத உட்கார்ந்தார். நவம்பர் 24-இல் இறக்கும்போது கைப்பிரதி கடைசித் திருத்தம் பெறாமல் மேசை மேல் இருந்தது. அதில் துல்லான் வருகிறது, அமெரிக்கர்கள் பற்றிய சண்டை வருகிறது, ரைன் வருகிறது. ஷெமின் தே தாமுக்கும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார். இருப்புப் படைகள் எங்கே இருந்தன, அந்த வாரம் பாரிஸில் ஃபோஷைப் பற்றி என்ன பேச்சு நடந்தது, ஜூன் 4-இல் அவரைக் காப்பாற்ற மேடையில் நின்றது யார் என்பதையெல்லாம் பதினோரு வருடம் கழித்து முதல் தடவையாக முழுதாக எழுதினார். உயிரோடு இருந்தவரை ஃபோஷ் அதைக் கேட்க நேரவில்லை.